பத்து ரூபாய்க் காசை ஊர் வாங்கிய கதை

நான் வேலை பார்த்த வங்கிக் கிளையிலிருந்து போன மாதம் இரண்டு பிள்ளைகள் போடியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் உட்கார்ந்திருந்த காசு கவுண்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பணம் வாங்கும் இயந்திரம் ஒன்றை நிறுத்தப் போகிறார்களாம். அதையொட்டி ஊழியர் சங்க மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். "மேடம், புதுசா வர்றவங்களுக்கு நாலு அறிவுரை மாதிரி..." என்று அவர்களில் ஒரு பையன் இழுத்தான். அறிவுரையா, என்னிடமா! வாடிக்கையாளரைப் பார்த்துப் புன்னகைப்பது எப்படி என்று எழுதச் சொன்னால் எனக்கு வராது. சிரிப்பு வந்தால் சிரித்தேன், கோபம் வந்தால் கத்தினேன். இரண்டையும் கேட்டுத்தான் அந்தக் கிளை வளர்ந்தது.

வேண்டுமானால் நடந்தது ஒன்றை எழுதித் தருகிறேன் என்றேன். பணத்தை வாங்கியும் கொடுத்துமே காலம் போயிற்று. அந்தப் பணம் எதனால் பணமாக இருக்கிறது என்பதை மட்டும் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்புதான், ஒரு ஊரின் பொதுத் திடலில், மந்தை என்பார்கள், அங்கே உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

என் அப்பாவுக்குப் போடி கடைவீதியில் ஏலக்காய், மிளகு வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற ஆறு நாளும் கடை. கடையில் நிற்பதற்குப் பரீட்சை எழுதுவது மேல் என்று வங்கித் தேர்வு எழுதினேன், தேறிவிட்டேன். முதலில் வருசநாடு, பிறகு ஆண்டிபட்டி, குமுளி, கடைசியில் சின்னமனூர்ப் பக்கம். நோட்டுக் கட்டை விசிறி மாதிரி விரித்து எண்ணக் கற்றது வருசநாட்டில். மலையாளத்தில் சண்டை போடக் கற்றது குமுளியில். என் பயிற்சி அவ்வளவுதான்.

நடுவில் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். பெரிய நோட்டுகள் இனிமேல் செல்லாது என்று அரசாங்கம் திடீரென்று அறிவித்ததே, அந்த நாட்கள். டிவியில் சொன்னார்கள், அவ்வளவுதான். வங்கி திறந்தபோது கிளை வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை வரிசை. ஒருத்தர்கூட "நெசமாத்தானா?" என்று கேட்கவில்லை. நேற்றுவரை பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது, இன்றைக்கு வெறும் காகிதம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். சாப்பிட எழுந்திருக்கக்கூட எனக்கு நேரமில்லை. வரிசையில் வந்த ஒரு வாழைத் தோட்டக்காரர் கவுண்டர் ஓட்டை வழியாக ஒரு சீப்புப் பழத்தை உள்ளே தள்ளி, "மொதல்ல இதத் தின்னு தாயி, பெறகு எண்ணு" என்றார். பழத்தைத் தின்றுகொண்டே, அரசாங்கத்தின் ஒரு வார்த்தைக்கு இத்தனை பலமா என்று மலைத்துப் போனேன்.

அந்த மலைப்பில் மண்ணை அள்ளிப் போட்டது பத்து ரூபாய்க் காசு.

அந்தக் காசு உங்களுக்குத் தெரியும். நடுவில் வெள்ளை, சுற்றி மஞ்சள். யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, அது செல்லாது என்று எங்கள் பக்கமெல்லாம் ஒரு பேச்சு வந்து உட்கார்ந்துகொண்டது. பத்துக் கோடு போட்டிருந்தால் நல்ல காசு, பதினைந்து கோடு இருந்தால் கள்ளக் காசு என்றார்கள். பிறகு, பத்துக் கோடும் வேண்டாம், மொத்தத்தில் காசே வேண்டாம் என்றாகிவிட்டது. டீக்கடையில் வாங்க மாட்டார்கள், பூக்காரி வாங்க மாட்டாள், மருந்துக்கடையில் மாத்திரையைத் திரும்ப எடுத்துவைப்பார்கள். லோயர்கேம்ப் தாண்டி மலையேறிக் கேரளத்துக் குமுளிக்குள் நுழைந்தால் அதே காசு ராஜாவாகச் செல்லும். நாடு ஒன்றுதான், காசும் ஒன்றுதான், நடுவில் இருப்பது நாலைந்து கொண்டை ஊசி வளைவுதான். செல்லாது என்று அரசாங்கம் சொன்னதை ஒரே நாளில் நம்பிய எங்கள் ஜனம், செல்லும் என்று அதே அரசாங்கம் தொண்டை கிழியச் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை.

அப்போது எங்கள் கிளை மேனேஜர் சிவகுருநாதன் சார், தஞ்சாவூர்க்காரர். யார் என்ன புகாரோடு வந்தாலும் முதலில் "சாப்டீங்களா?" என்று கேட்பார். வந்தவருடைய கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிடும். பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், ஒன்று தலைமைக் காசாளரான என்னிடம். இரண்டும் திரும்பினால்தான் கதவு திறக்கும். அதனால் எனக்குக் காய்ச்சல் என்றால் என் வீட்டுக்காரரைவிட அவர்தான் அதிகம் பதறுவார். காலையில் பெட்டக அறைக்கு முன்னால் செருப்பைக் கழற்றுவார். நான் என் சாவியைத் திருப்பிவிட்டு விலகி நிற்பேன். அவர் தன் சாவியைப் போட்டு, கண்ணை மூடி ஒரு நொடி நின்று, பிறகு திருப்புவார். சாயங்காலம் பூட்டியதும் கைப்பிடியை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். "பூட்டியாச்சுல்ல ஜெயராணி?" என்பார். "பூட்டியாச்சு சார்" என்பேன். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து நாலாவது முறை இழுப்பார்.

அந்த அறையின் ஒரு மூலையில் பத்து ரூபாய்க் காசு மூட்டைகள் அடுக்கியிருந்தன. காசு மூட்டைக்கு ஒரு முறை உண்டு. எண்ணும் இயந்திரத்தில் ஓட்டி, பையில் கொட்டி, எடை பார்த்து, வாயைச் சணலால் கட்டி, முடிச்சில் சீட்டுக் கோத்து, அதில் நானும் அவரும் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை மரியாதையும் செய்து வைத்தால் அது வெளியே போனால்தானே! கொடுத்தால் யாரும் வாங்குவதில்லை. காசை ஜனங்களிடம் புழக்கத்தில் விடுங்கள், மேலும் மேலும் சேர்க்காதீர்கள் என்று மேலிடத்திலிருந்து நெருக்குகிறார்கள். வாடகை கொடுக்காமல் குடியிருப்பவரைப் பார்ப்பதுபோல அந்த மூட்டைகளைத் தினமும் பார்ப்பார் சார்.

இந்த நிலையில்தான் வெள்ளைத்தாய் வந்தாள்.

சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில், குமுளி ரோட்டில் ஒரு ஊர். பேரைச் சொன்னால் அந்த ஊர்த் தலைவருக்கு இன்னும் தலைக்கனம் ஏறும் என்பதால் சொல்லவில்லை. ரோட்டோரமாக ஊர்க்கோயிலுக்குச் சொந்தமான இடத்தில் வெள்ளைத்தாய் இட்லிக்கடை வைத்திருந்தாள். வீட்டுக்காரர் தவறி ரொம்ப வருடம் ஆகிறது. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. கடைதான் அவளுக்கு எல்லாம். கேரளா லாரிக்காரர்கள் அவள் ஆப்பத்துக்காகவே வண்டியை நிறுத்துவார்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பன்மார் வேறு வந்து குவிவார்கள். அவர்கள் கொடுப்பதில் பாதிக்குமேல் பத்து ரூபாய்க் காசு. இவளும் முகம் சுளிக்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

ஒரு நாள் அரிசிச் சாக்கு ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, இதப் பூராம் நோட்டா மாத்தித் தாங்கக்கா."

"இத்தனையையும் எதுக்கும்மா வாங்கின? ஊருக்கே தெரியும்ல, எவனும் வாங்க மாட்டான்னு?"

"மலைக்குப் போற சாமி குடுக்குறாக. வேணாஞ்சாமின்னு எப்பிடிக்கா சொல்றது? வாய் வருமா?" என்றாள். பிறகு திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். "இங்கன வாறதுக்கு மினி பஸ் கண்டக்டர் டிக்கெட்டுக்கு இந்தக் காச வாங்க மாட்டேன்ட்டான்க்கா. இடுப்புல சாக்கு நெறையப் பணம், ஓசில வந்து எறங்குறேன்!"

நானும் சிரித்துவிட்டேன். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். கோயில் இடத்துக்கான குத்தகையை வருடா வருடம் திருவிழாவுக்கு முன்னால் ஊர் வரி வசூலிக்கும் நாளில் ஊர் முன்னால் ரொக்கமாக வைக்க வேண்டும். வைக்கவில்லை என்றால் இடம் வேறு ஆளுக்கு. இந்த வருடம் கம்பம் ஊரிலிருந்து ஒருத்தர் அங்கே பரோட்டாக் கடை போடப் பணத்தோடு தயாராக நிற்கிறார். சாமி சாட்டி, திருவிழாவுக்கு நாளும் குறித்தாயிற்று. ஊர்க்காரர்களோ காசை வாங்க மாட்டோம் என்கிறார்கள்.

"குமுளிக்குக் கொண்டுபோய்ப் பாத்தேன். சரக்கு வாங்குனாத்தான் காச எடுப்பாக. எம்புட்டுத் தேயிலதான் வாங்குறது? என் கடை பூராவும் இந்தச் சாக்குக்குள்ளதான்க்கா கெடக்கு" என்றாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

சாரிடம் கூட்டிப்போனேன். "சாப்டீங்களா?" என்றார். "ஊருக்கே நான்தான் சார் சாப்பாடு போடுறேன்" என்றாள் அவள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரே நேரத்தில் ஓர் அளவுக்கு மேல் சில்லறையாக வாங்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது என்று சட்டத்திலேயே இடம் இருக்கிறது. மேலிடமும் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறது. "இல்லைன்னு சொல்ல மாட்டேம்மா. தினம் கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டு வாங்க" என்றார். அந்தக் கணக்கில் போனால் திருவிழா முடிந்து, பந்தலைப் பிரித்து, பரோட்டாக் கடையில் ஜனம் சால்னா ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

அவள் போன பிறகு எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. அரசாங்கம் அச்சடித்த காசு, சிங்கமுத்திரை போட்ட காசு. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி கடையை இழப்பதா? "சார், நாமளே போய்ச் சொல்லுவோம்" என்றேன். சாரும் சரி என்றார். தன் கைக்காசைப் போட்டு ஒரு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டினார். "பொதுமக்கள் கவனத்திற்கு! பத்து ரூபாய் நாணயங்கள் அனைத்தும் செல்லும்! வதந்திகளை நம்பாதீர்!" என்று சுற்று வட்டாரம் முழுக்க ஆட்டோ சுற்றி வந்தது.

மறுநாள் வெள்ளைத்தாயின் ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் அய்யாத்துரை பணம் கட்ட வந்தார். "எப்படிங்க, இனிமே காசு வாங்குவீங்கல்ல?" என்றேன் பெருமையாக.

"நேத்துவரைக்கும் கொஞ்சம் சந்தேகமா இருந்துச்சு மேடம். இப்பத்தான் உறுதியாயிருச்சு."

"என்ன உறுதியாயிருச்சு?"

"ஐநூறு ரூவா நோட்டு செல்லும்னு யாராச்சும் ஆட்டோ கட்டிச் சொல்றாகளா? செல்லுற காசுக்கு எதுக்கு மேடம் மைக்கு? என்னமோ இருக்கு!"

இந்த நியாயத்துக்கு எந்தப் பயிற்சிக் கல்லூரியில் பதில் சொல்லித் தருவார்கள்? சார் தன் பங்குக்கு வங்கிக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டுப் பத்து ரூபாய்க் காசை நீட்டினார். "பரவால்ல சார், நீங்க நாளைக்குக் குடுங்க" என்று டீக்காரர் அன்பாகச் சொல்லிவிட்டார். மேனேஜருக்கே கடன்!

கடைசி வழியாக ஊர்க்கூட்டத்துக்கே போய் முறையிடுவது என்று முடிவு செய்தோம். திருவிழா வரியை நிர்ணயிக்க மந்தையில் கூட்டம் போட்ட அன்று போனோம். எங்கள் இருவருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடிக்கக் கலர் சோடா கொடுத்தார்கள். விபூதித் தட்டு என் முன்னால் வந்ததும், என் வெறும் நெற்றியைப் பார்த்துத் தட்டுக்காரர் தடுமாறினார். "நான் அல்லேலூயாங்க. தட்டு வழியில நின்னா மத்தவங்களுக்கு நேரமாகும், நகருங்க" என்றேன். சிரித்துக்கொண்டே நகர்ந்தார்.

ஊர்த் தலைவர் பால்பாண்டிக்குக் கையில் எப்போதும் மைக் வேண்டும். மைக் இல்லாத இடத்திலும் இருப்பது போலவேதான் பேசுவார். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும், "மேடம் சொல்றது வாஸ்தவந்தான்" என்று தொடங்கினார். "எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபன இல்ல. ஆனா ஊரு இத வாங்கிட்டு என்ன செய்யிறது? பந்தக்காரன் வாங்குவானா? மேளக்காரக வாங்குவாகளா? அண்டாவுல போட்டு அழகு பாக்கவா?"

அங்கே உட்கார்ந்திருந்த பந்தல்காரரைக் கேட்டேன். "எனக்குச் சம்மதந்தான் மேடம். கூலியாளுக வாங்கணும்ல?" என்றார். கூலியாள் ஒருத்தரைக் கேட்டேன். "நான் வாங்கிக்கிருவேன். மளிகைக்கடையில வாங்க மாட்டாகளே?" என்றார். மளிகைக்கடை அய்யாத்துரையைப் பார்த்தேன். "சனம் வாங்குனா எனக்கென்ன?" என்றார். எல்லாரும் நல்லவர்கள்தான், எல்லாருக்கும் சம்மதம்தான். வாங்க மாட்டேன் என்று சொல்லும் அந்த ஒரு ஆளைத்தான் ஊரில் எங்கே தேடியும் காணோம்.

வெள்ளைத்தாய் மந்தைக்கு வெளியே மற்றப் பெண்களோடு நின்றிருந்தாள். "அண்ணே, நான் ஒரு வார்த்த சொல்லிக்கிறட்டுமா?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏத்தா, நீ செத்த சும்மா இரு. வரி குடுக்குற தலைக்கட்டுதான் கூட்டத்துல பேசணும். இது நம்ம ஊரு மொறதான?" என்றார் கூட்டத்தில் ஒரு பெரியவர். அவளும் சும்மா ஆகிவிட்டாள்.

எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் விளக்கினார். ஆம்பிளை தலைமையில் இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. அதற்குத்தான் ஊர் வரி. வீட்டுக்காரர் இல்லாத பெண்களிடம் ஊர் இரக்கப்பட்டு வரி வாங்குவதில்லை. வரி இல்லாததால் அவர்களுக்குக் கூட்டத்தில் பேச்சும் இல்லை, பிரசாதத்தில் பங்கும் இல்லை. நல்ல இரக்கம்! எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"ஏங்க, நான் இந்த ஊரு இல்ல, ஒரு பைசா வரி குடுக்கல, இந்தச் சாமியக்கூடக் கும்பிடுறதில்ல. என்னை மட்டும் நாற்காலி போட்டுப் பேசச் சொன்னீங்களே, எப்படி?"

தலைவர் நெளிந்தார். "மேடம் கவருமெண்டு பேங்க்குல... அதுனால..."

"கவருமெண்டு சொல்லித்தான் நீங்க ஒருத்தரும் கேக்கலையே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பில் அய்யாத்துரையும் ஒரு வார்த்தையைச் சொருகினார். "கவருமெண்டு சொல்லியே கேக்காத சனம். நம்ம தலைவரு சொன்னா மட்டும் கேட்டுருமாக்கும்?"

தலைவர் முகம் மாறியது. "ஏலே அய்யாத்துரை! என்ன சொன்ன?"

"சும்மா சொன்னேன் மாமா."

"சும்மாவா? ஊரு வரியவே பத்து ரூவாக் காசாத்தான் கட்டணும்னு நான் சொன்னா, அன்னைக்கு எங்கன போவ? காசு காசுன்னு வீடு வீடா அலைவடா!"

நான் நிமிர்ந்து சாரைப் பார்த்தேன், சார் என்னைப் பார்த்தார். பெட்டக அறைக்கு முன்னால் கண்ணை மூடி நிற்பாரே, அதே மாதிரி ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டார். நான் முந்திக்கொண்டேன். "தலைவரே, அதையே சொல்லிடுங்க!"

"எதைய?"

"வரிய இந்தக் காசாத்தான் கட்டணும்னு சொல்லுங்க. அய்யாத்துரை அலையிறதப் பாத்துருவோம்."

"அப்படிச் சொல்லி, கடைசில யாரும் வாங்காம மிஞ்சுற காசை நான் எடுத்துக்கறேன்" என்றார் சிவகுருநாதன் சார். "நோட்டாவே தர்றேன். நான் பொறுப்பு."

கழுத்தில் மேலிடத்தின் கத்தி இருக்கும் மனிதர் ஊர் முன்னால் இப்படிச் சொன்னதை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கிறது. தலைவரால் இனிப் பின்வாங்க முடியாது. அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைக்கை வாங்கினார், ஊதிப் பார்த்தார்.

"இதனால ஊர்ப் பொதுமக்களுக்குத் தெரியப்படுத்துறது என்னன்னா, இந்த வருசம் ஊரு வரி பூராவும் பத்து ரூவாக் காசாத்தான் கட்டணும். பத்து ரூவாக் காசு யாரு கொண்டாந்தாலும் இந்த ஊருக்குள்ள வாங்கணும். வாங்க மாட்டேம்னு சொல்றவுக, அது யாரா இருந்தாலும் சரி, ஊருக்கு அபராதம் கட்டணும். வரிக்கு நோட்டு செல்லாது!"

நோட்டு செல்லாது! நான் சிரித்த சிரிப்பில் கலர் மூக்கில் ஏறிவிட்டது.

மறுநாள் காலையில் இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றும்போதே வெள்ளைத்தாய் கடையில் கூட்டம். முதல் ஆள் அய்யாத்துரை. "ஆத்தா, என் வரிக்குப் போகக் கூடக் கொஞ்சம் குடு. கடைக்கு வாறவுகளுக்குச் சில்லறை குடுத்து மாத்திவிடணும்" என்றாராம். அவருக்குப் பின்னால் வந்த ஒருத்தர், பத்து ரூபாய்க் காசுக்குப் பதினோரு ரூபாய் தருகிறேன் என்று காதோடு காதாகச் சொல்லியிருக்கிறார். "பத்துன்னுதான போட்டுருக்கு? பத்துக்கு மேல ஒரு பைசா வேணாம். வந்ததுக்கு நாலு இட்லி தின்னுட்டுப் போ" என்றிருக்கிறாள். அன்றைக்கு மாவு தீர்ந்துபோய்த் திரும்ப ஆட்டினாளாம். இதையெல்லாம் அவளே வந்து சொன்னாள். சொல்லச் சொல்ல எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அவள் சாக்கு அந்த ஊருக்கு எந்த மூலைக்கு? அது காலியானதும் ஊர் எங்கள் கிளைக்குத் திரும்பியது. வரிசை நின்றது பாருங்கள்! பெரிய நோட்டு செல்லாமல் போன நாட்களுக்குப் பிறகு அப்படி ஒரு வரிசையை நான் பார்க்கவில்லை. ஆனால் இந்த வரிசையில் பயம் இல்லை, கேலியும் சிரிப்புமாக இருந்தது. "மேடம், அந்தப் பதினஞ்சு கோடு போட்டதா இருந்தாலும் பரவால்ல" என்றார் ஒருத்தர். கோட்டை எண்ண யாருக்கு நேரம்? சிவகுருநாதன் சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பெட்டக அறையிலிருந்து மூட்டைகளைத் தானே இழுத்து வந்தார். சணல் முடிச்சை அவிழ்க்கும்போதெல்லாம், "போயிட்டு வா, போயிட்டு வா" என்று முணுமுணுத்தார். மினி பஸ் கண்டக்டருக்கும் அதே ஊர்தான். "டிக்கெட்டுக்குக் காசா இருந்தாக் குடுங்க, நோட்டு வேணாம்" என்று அவன் கேட்டதாக வெள்ளைத்தாய் சொன்னபோது, சார் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். எதிரே இருந்த டீக்கடையில் அவருடைய கடனும் அன்றே தீர்ந்தது. டீக்காரர் பெண் எடுத்த ஊர் அதுதானாம், மாமனார் வரி கட்டக் காசு தேடிக்கொண்டிருந்தாராம்.

வரி வசூல் நாளில் எங்களை விருந்தாளியாக அழைத்திருந்தார்கள். மந்தையில் பெரிய பித்தளை அண்டா. தலைவர் மைக்கில் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். அவர் வந்து காசை அண்டாவில் கொட்டுவார். "அய்யாத்துரை, ஒரு தலைக்கட்டு!" என்று தலைவர் அறிவிப்பார், மேளம் ஒரு தட்டுத் தட்டும். அதே காசை மேளக்காரர்களுக்கு முன்பணமாக எண்ணிக் கொடுத்தார்கள். அவர்கள் மறுபேச்சில்லாமல் மடியில் கட்டிக்கொண்டு நேராக வெள்ளைத்தாய் கடைக்குச் சாப்பிடப் போனார்கள். மிஞ்சிய காசை எடுத்துக்கொள்வதாகச் சொன்ன சாருக்குக் கடைசிவரை வேலையே வரவில்லை.

குத்தகை முறை வந்தது. கம்பத்துக்காரர் பையோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். வெள்ளைத்தாய் பெண்கள் கூட்டத்திலிருந்து வந்து அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுக் கட்டை வைத்தாள். "காசெல்லாம் ஊருக்குக் குடுத்துட்டேண்ணே. நோட்டாத்தான் இருக்கு, வாங்குவீகளா?" என்றாள். சிரிப்பில் மந்தையே அதிர்ந்தது. குத்தகைக்கு நோட்டு ஆகும் என்று தலைவர் பெருந்தன்மையாக அறிவித்தார். கம்பத்துக்காரர் நல்ல மனிதர். "எனக்கு வேற எடம் கெடைக்காமயா போயிரும், நல்லா இருத்தா" என்று சொல்லிவிட்டு எழுந்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கடை பிழைத்தது. இனி வேறென்ன என்று நானும் எழப் போனேன்.

வெள்ளைத்தாய் நகரவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பத்து ரூபாய்க் காசுகள். எல்லாவற்றையும் விற்ற பிறகும் இதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள்.

"இது என்னத்தா?"

"என் தலைக்கட்டு வரி."

மேளம் நின்றுபோயிற்று. "ஒனக்குத்தான் ஊரு வரி போடுறதில்லையேத்தா" என்றார் தலைவர், தன்மையாகத்தான்.

"போட வேணாம்னு நான் கேட்டனாண்ணே? கரண்டுக்குக் கட்டுறேன், வீட்டுக்குத் தீர்வ கட்டுறேன். கவருமெண்டு என் காச வாங்கிக்கிருது. ஊருக்கு மட்டும் கசக்குதாக்கும்?"

"பொம்பளைக்கு ஏதுத்தா தலைக்கட்டு?" என்றார் அன்றைக்கு அவளை அடக்கிய அதே பெரியவர்.

வெள்ளைத்தாய் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தலைவரைப் பார்த்தே சொன்னாள். "பத்து ரூவாக் காசு யாரு கொண்டாந்தாலும் வாங்கணும், வாங்காதவுக யாரா இருந்தாலும் அபராதம் கட்டணும்னு நீகதானண்ணே மைக்குல சொன்னீக? இந்தா கொண்டாந்துருக்கேன். வாங்குறீகளா, அபராதம் கட்டுறீகளா?"

சார் என் பக்கம் குனிந்து, "ஜெயராணி, இவங்க நம்ம மேலிடத்துக்குப் போயிருக்கணும்" என்றார் மெதுவாக. பால்பாண்டி காசைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். அரசாங்கம் சொல்லியும் நடக்காததைச் சாதித்த மனிதர், தன் வார்த்தையைத் தானே மீறுவாரா? தலையைச் சொறிந்தார். பிறகு அவர் முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கையையும் ஏந்திக் காசை வாங்கி அண்டாவில் போட்டார். மைக்கைப் பிடித்தார்.

"வெள்ளைத்தாய். ஒரு தலைக்கட்டு!"

மேளம் தட்டியதா என்று எனக்கு நினைவில்லை. பெண்கள் போட்ட குலவையில் வேறு எதுவும் கேட்கவில்லை. நானும் குலவை போட்டேன். சர்ச் பாட்டுக் குழுவில் பாடிப் பழகிய தொண்டை, அது வேறு ஏதோ ராகத்தில் போயிற்று. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. குலவை அடங்குவதற்குள் வீட்டுக்காரர் இல்லாத இன்னும் சில பெண்கள் முந்தானையை அவிழ்த்துக்கொண்டு அண்டாவை நோக்கி வந்துவிட்டார்கள். தலைவருக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு பேரையும் சொன்னார், ஒன்றைக்கூட விடவில்லை.

எல்லாம் முடிந்ததும் மைக்கை வெள்ளைத்தாயிடம் நீட்டினார். "அன்னைக்கு என்னமோ பேசணும்னியேத்தா. இப்பப் பேசு."

அவள் மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்றைக்குச் சொல்ல நினைத்ததற்கு இனித் தேவையில்லை. பிறகு மந்தைக்கு வெளியே பார்த்துச் சொன்னாள்.

"அங்கன நிக்கிற பொம்பளையாளுக எல்லாரும் உள்ள வந்து உக்காருங்க."

அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வந்து உட்கார்ந்தார்கள். ஆண்கள் நகர்ந்து இடம் விட வேண்டியிருந்தது.